வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுத்தால் குற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கர்களுக்கு ஓட்டுப் போடும் அக்கறையே கிடையாது என்று நம் ஆட்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2014 இடைக்காலத் தேர்தலில் (அதிபர் தேர்தல்களுக்கு நடுவில் வரும் நாடாளுமன்றத் தேர்தல்) தகுதியுள்ளவர்களில் சுமார் 37 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள், உண்மைதான். ஆனால் 2020 அதிபர் தேர்தலில் மூன்றில் இரண்டு பங்கினர் வந்தார்களே! ஆறு வருடத்தில் ஜனங்களின் குணமா மாறிவிட்டது?

அங்கே ஓட்டுப் போடுவதே ஒரு வேலை. தேர்தல் செவ்வாய்க்கிழமை. குதிரை வண்டிக் காலத்தில், 1845-ல் போட்ட சட்டம் அது. நாடு முழுவதற்குமான விடுமுறையும் இல்லை. வடக்கு டகோட்டா தவிர மற்ற மாநிலங்களில் பெயரைப் பதிவு செய்தால்தான் ஓட்டு.

என் மகள் ஜார்ஜியாவில் இருக்கிறாள். 2020 ஜூனில், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்காக மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாள். முன்னால் நின்ற பாட்டி மடக்கு நாற்காலியோடு வந்திருந்தாராம், அனுபவசாலி. யாரோ ஒரு புண்ணியவான் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே போனாராம்.

மறுவருடமே அந்த மாநிலம் அதைக் குற்றமாக்கியது. சாவடி ஊழியர்கள் தண்ணீர் வைக்கலாம்; நீங்களோ நானோ நீட்டக்கூடாது. 2023-ல் நீதிமன்றம் தலையிட்டது. அதுவும் வாக்குச்சாவடிக் கட்டடத்திலிருந்து 150 அடிக்கு அப்பால் மட்டும்தான் தடையை நிறுத்தி வைத்தது. சரி, 151-வது அடியில் தாகம் எடுத்தால் பிழைத்தோம்.

மூன்று மணி நேரம் நிற்க வைப்பதை விட்டுவிட்டு பாட்டிலைப் பிடிக்கிறார்கள்.

– ஒரு வாசகர், திருச்சி