பட்டா கையில் இருந்தால் போதாது

ஆசிரியருக்கு,

நிலத் தகராறு என்றதும் பலரும் முதலில் ஓடுவது தாலுகா அலுவலகத்துக்குத்தான். 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் பட்டாப் பதிவேட்டைத் திருத்தலாம். சொத்து யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. உரிமையே தகராறில் இருந்தால் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இது தெரியாமல் மேல்முறையீடு, சீராய்வு என்று அலைந்தே ஆண்டுகள் கரைகின்றன.

நீதிமன்றத்திலும் சறுக்கும் இடம் உண்டு. நீதிமன்றக் கட்டணத்தை மிச்சம்பிடிக்க, எதிராளி நிலத்தில் தலையிடக் கூடாது என்ற வெறும் தடையாணை மட்டும் கேட்டு வழக்குப் போடுவார்கள். எதிராளி உரிமையையே மறுத்துவிட்டால் அது நிற்காது. சொத்து நம்முடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையைக் கேட்க வேண்டும். நிலம் எதிராளி வசம் இருந்தால் அதைத் திரும்ப நம் வசம் ஒப்படைக்க, அதாவது சுவாதீனமும் சேர்த்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் (Specific Relief Act) 34ஆம் பிரிவின்படி விளம்புகையும் கிடைக்காது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பின் கட்டண விகிதம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இனியும் கஞ்சத்தனம் எதற்கு?

காலக்கெடுவும் முக்கியம். விளம்புகைக்கு மட்டும் என்றால் 3 ஆண்டு. உரிமை அடிப்படையில் சுவாதீனம் கேட்க, எதிரிடை அனுபவம், அதாவது நம் உரிமையை மறுத்து எதிராளி நிலத்தை வைத்திருப்பது, தொடங்கியதிலிருந்து 12 ஆண்டு.

வழக்குப் போடுமுன் பத்திரத்தின் நான்கு எல்லைகளைப் புலப்படத்தோடு (நில அளவை வரைபடம், FMB) ஒப்பிடுங்கள். பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் உட்பிரிவு எண் என்றிருந்தால், இரண்டையும் இணைக்கும் பதிவேட்டு நகலை முதலிலேயே வாங்குங்கள். இல்லையேல் சொத்து அடையாளத்திலேயே வழக்கு தடுக்கிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்