இன்ஹேலருக்கு ஏன் இந்தப் பயம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் புகையிலைத் தூசிக்குப் பஞ்சமில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைக்க அதுவே போதும். ஆனால் இன்ஹேலர் என்றாலே, 'ஒருமுறை தொட்டால் விடவே முடியாது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மாத்திரையை மட்டும் தயங்காமல் விழுங்குகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகிறது. இன்ஹேலரில் உறிஞ்சும் புடசொனைடு என்ற ஸ்டீராய்டோ மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் நேராக நுரையீரலுக்குப் போகிறது.

அப்புறம், உடனடி நிவாரணத்துக்கான சால்பூட்டமால் இன்ஹேலர் இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சி அப்படியே கிடக்கும். அதைத் தணிப்பது புடசொனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். இரைப்பு நின்றதும் நாமாக அதை நிறுத்தக் கூடாது. உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா, சால்பூட்டமாலை மட்டும் நம்பும் சிகிச்சையை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஸ்டீராய்டு இன்ஹேலரை உறிஞ்சியபின் வாய் கொப்பளித்தால் வாயில் வரும் பூஞ்சைத் தொல்லையும் குறையும்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த இரண்டு வகை இன்ஹேலரும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும். செவிலியர் உறிஞ்சும் முறையைச் செய்து காட்டி, நோயாளியையும் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். வேலூர் மாவட்ட சுகாதாரத் துறை இதைப் பீடித் தொழிலாளர் தெருக்களிலிருந்தே தொடங்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்