கம்ப்யூட்டருக்கு 2000 பிறக்கும் முன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்
15-12-1999

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் இப்படி ஒரு கடிதமா என்று நினைக்காதீர்கள். போன வாரம் மட்டும் எட்டுப் பத்துப் பேர் பள்ளி வாசலில் என்னை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள்: "சார், ஜனவரி ஒண்ணாம் தேதி வீட்டு கம்ப்யூட்டர் ஓடாதாமே, நிஜமா?" ஒருவரிடம் யாரோ மெஷினையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் பயந்துபோய்த் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்கள். பையனின் ப்ராஜெக்ட் பாதியில் நிற்கிறது.

ஓடும். நம் வீடுகளில் இருக்கும் மெஷின்கள் அன்றைக்கும் ஓடும். தவறிப்போக வாய்ப்புள்ளது, அதற்குள் நீங்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கும் பிள்ளைகள் மாதக்கணக்காக எழுதிச் சேர்த்ததும்தான். அதனால் தேதியை மாற்றிச் சோதிப்பதற்கு முன்னால் அவற்றை ஃபிளாப்பியில், அதாவது மெஷினில் செருகி எடுக்கும் சிறு தட்டில், நகல் எடுத்துவிடுங்கள். கடிதத்தை மேலே படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஒய்2கே (Y2K, அதாவது 2000-ஆம் ஆண்டுச் சிக்கல்) என்று பேப்பரில் வருவது என்ன என்று பலருக்கும் பிடிபடவில்லை. நம் வழக்கத்தை வைத்தே சொல்கிறேன். இப்போது நடப்பது பிரமாதி வருஷம். அறுபது வருஷப் பெயர்களும் சுற்றிச் சுற்றி வருவதால் 1939-இலும் இதே பிரமாதிதான் பிறந்தது. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் "பிரமாதி வருஷம் மார்கழி மாதம்" என்று மட்டும் எழுதிய சீட்டு ஒன்று கிடைத்தால், தாளின் பழுப்பையும் கையெழுத்தையும் பார்த்து அது எந்தப் பிரமாதி என்று நாம் கண்டுபிடித்துவிடுவோம். கம்ப்யூட்டருக்கு அந்தப் பார்வை கிடையாது. நினைவகம் பொன் விலை விற்ற காலத்தில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் போதும் என்று எழுதிவிட்டார்கள். நாமும்தான் "நாற்பத்தேழில் சுதந்திரம், அறுபத்தைந்தில் போராட்டம்" என்று பேசுகிறோம். 99-க்கு அடுத்து 00 வரும்போது அது 2000-ஆ, 1900-ஆ என்று மெஷினுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

வீட்டு கம்ப்யூட்டரில் அதைச் சொல்ல வேண்டியது பயாஸ், அதாவது மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் உள் புரோகிராம். உள்ளே ஒரு சிறு கடிகாரச் சில்லு உண்டு. மெஷினை அணைத்த பிறகும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருப்பது அதுதான். பெரும்பாலான மெஷின்களில் அந்தச் சில்லு ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் எண்ணும். முன்னால் வரும் 19 வேறோர் இடத்தில் எழுதப்பட்டிருக்கும்; அது தானாக நகராது. புதிய பயாஸ் அதைப் பார்த்து 20 ஆக்கிவிடும். பழையது அப்படியே விட்டுவிடும்.

இதை நம் கம்ப்யூட்டர் அறையில் கண்ணால் பார்த்தோம். போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒன்பது மெஷின்களையும் சோதித்தோம். தேதியை 31-12-1999 ஆக்கி, நேரத்தை இரவு 11:58 என்று வைத்து, ஸ்விட்சை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தோம். புதிய ரகமான பென்டியம் மெஷின்கள் ஐந்தும் சரியாக 2000 என்று காட்டின. பழைய 486 ரக மெஷின்கள் நான்கில் மூன்று தடுமாறின. ஒன்றில் டாஸ் திரையில் (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளையைத் தட்டி வேலை வாங்கும் முறை அது) வெள்ளி, 01-04-1980 என்று வந்தது. பிள்ளைகள் ஏப்ரல் ஒன்று என்று படித்துவிட்டார்கள். அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும், அது ஜனவரி 4. பயாஸ் 1900 என்று சொல்ல, 1980-க்கு முந்தைய தேதியே தெரியாத டாஸ் இப்படி ஒரு நாளைக் காட்டிவிடுகிறது. முன்வரிசையில் இருந்த மாணவி திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அப்போ நான் இன்னும் பொறக்கவே இல்லை" என்றாள். ஒரு மணி நேரம் பாடம் நடத்தியிருந்தாலும் இந்த விஷயம் பிள்ளைகளுக்கு அவ்வளவு தெளிவாகப் போயிருக்காது.

அந்த மூன்றிலும் சரியான தேதியை ஒருமுறை கையால் அடித்து, அணைத்துப் போட்டோம். இரண்டு மெஷின்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஒன்று மட்டும் ஒவ்வொரு முறையும் பழையபடி 1980-க்கே போனது. உங்கள் வீட்டிலும் அப்படி நடந்தால் விற்றவரிடம் பயாஸைப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் பாகம் வாங்கி அசெம்பிள் செய்த மெஷின் என்றால் உள்ளே இருக்கும் மதர்போர்டின் பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். தொடங்கும்போதே தேதியைத் திருத்திவிடும் சிறு புரோகிராம்களும் இருக்கின்றன. எதுவும் முடியாவிட்டால் தினமும் தேதியை அடித்துக்கொள்ளலாம். இதற்காகப் புது மெஷின் வாங்காதீர்கள்.

எங்கள் பக்கம் நடந்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். அக்டோபரில் அலுவலக மெஷினில் இதே சோதனையை அவசரமாகச் செய்தோம். முடித்ததும் தேதியைத் திருப்பி வைக்க மறந்துவிட்டோம். மறுநாள் காலை அடித்த கட்டண ரசீதுகளில் ஜனவரி 2000 என்று விழுந்தது. எல்லோருக்கும் தவணை தப்பியதாக எடுத்துக்கொண்டு மெஷின் அபராதமும் சேர்த்துவிட்டது. உங்களில் சிலர் கூடுதலாகக் கட்டியது அதனால்தான். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், வருத்தமும் தெரிவித்துக்கொள்கிறேன்.

எனவே வரிசை முக்கியம். முதலில் நகல். ஒரு ஃபிளாப்பியில் 1.44 எம்பிதான் பிடிக்கும், ஆனால் கடிதம், கணக்கு, கட்டுரை எல்லாம் அதில் தாராளமாக அடங்கும். ஒரே ஃபிளாப்பியை நம்பாமல் இரண்டில் எடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் ஃபிளாப்பி பூஞ்சை பிடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். வரவு செலவு, சீட்டுக் கணக்கு போன்றவற்றைத் தாளிலும் அச்செடுத்து வையுங்கள். அடுத்து வைரஸ் சோதனை. இந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் எத்தனை பேருடைய ஹார்டு டிஸ்க்கை அழித்தது என்பது நினைவிருக்கும். அது தேதி பார்த்து விழிக்கிற ரகம். அப்படி ஒன்று உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால், தேதியை நகர்த்தி நாமே எழுப்பிவிட்டதாக ஆகும். அப்புறம், விண்டோஸுக்குள் வைத்துச் சோதிக்காதீர்கள். ஸ்டார்ட்-அப் ஃபிளாப்பி போட்டு மெஷினைத் தொடங்கி, டாஸிலேயே தேதியை மாற்றிப் பாருங்கள். விண்டோஸில் செய்தால், இத்தனை நாள்தான் ஓடும் என்று கெடு வைத்த மென்பொருள்கள் கெடு முடிந்ததாக நினைத்து நின்றுவிடும்.

மெஷினை அணைத்து வைத்து ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு 28-02-2000 இரவு 11:58 வைத்துப் பாருங்கள். அடுத்து 29 வர வேண்டும். நூறால் வகுபடும் ஆண்டு பொதுவாக லீப் ஆண்டு ஆகாது, அதனால் 1900-க்கு பிப்ரவரி 29 இல்லை. ஆனால் நானூறால் வகுபட்டால் உண்டு, எனவே 2000-க்கு இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் மறக்காமல் இன்றைய தேதிக்குத் திரும்புங்கள்.

மெஷினை அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி தவறுகிறதா? அது ஒய்2கே அல்ல, பேட்டரி தீர்ந்துவிட்டது. புது போர்டுகளில் காசு போல இருக்கும் பேட்டரியை மாற்றினால் போதும். பழைய 486 போர்டில் பற்றவைத்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருக்கும். தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கம் இருப்பவர்கள் உப்புக் காற்றையும் மனதில் வைத்து, விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு திறந்து பாருங்கள்.

விண்டோஸ் 95, 98 வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல் பேனலில் ரீஜனல் செட்டிங்ஸ் போய், ஆண்டை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். தட்டும்போதும் நான்கு இலக்கமே தட்டுங்கள். எக்செல் 97-இல் 00 முதல் 29 வரை அடித்தால் 2000-ஐச் சேர்ந்ததாகவும், 30 முதல் 99 வரை 1900-ஐச் சேர்ந்ததாகவும் எடுத்துக்கொள்ளும். 1925-இல் பிறந்த தாத்தாவுக்கு 25 என்று அடித்தால் அவர் 2025-இல்தான் பிறப்பார்.

உங்களில் பண்ருட்டி முந்திரி வியாபாரமும் படகுக் கணக்கும் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். தெரிந்த பையன் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த புரோகிராமில் வட்டியும் தவணையும் ஓடினால், உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் அதுதான். எழுதியவரை இந்த மாதமே கூப்பிட்டு, கடன் தேதியை 15-11-1999 என்றும் தவணையை 15-02-2000 என்றும் கொடுத்து வட்டி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மாத வட்டி வந்தால் நிம்மதி.

டிவி, மிக்ஸி, கிரைண்டருக்கெல்லாம் எது எந்த வருஷம் என்று தெரியாது, அவற்றை விட்டுவிடுங்கள். ஒய்2கே மருந்து என்று மின்னஞ்சலில் வரும் எதையும் பிள்ளைகள் திறக்க வேண்டாம். 31 வெள்ளிக்கிழமை மாலை மெஷினை அணைத்து பிளக்கை உருவிவிடுங்கள். சனிக்கிழமை மார்கழிக் கோலம் போட்டு, காபி குடித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள்.

வரும் 18-ஆம் தேதி சனிக்கிழமை காலை 10 முதல் 1 வரை கம்ப்யூட்டர் அறை பெற்றோருக்காகத் திறந்திருக்கும். கம்ப்யூட்டர் ஆசிரியரும் நானும் இருப்போம். ஸ்டார்ட்-அப் ஃபிளாப்பி இல்லாதவர்களுக்கு எடுத்துத் தருகிறோம், கட்டணம் எதுவும் இல்லை. வரும்போது புது ஃபிளாப்பி இரண்டும், மெஷின் எந்த வருஷம் வாங்கியது என்ற விவரமும் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்