‘இலவசம்’ என்பதற்கும் ஒரு விலை போடச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய போட்டி ஆணையத்தாருக்கு,

வணக்கம். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்பு விற்பனை பற்றி எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம், மூன்று வருஷமாக எங்களோடு இருந்த ஒரு வாடிக்கையாளர் விலகினார். பணிநேர அட்டவணை போடும் மென்பொருள் எங்களுடையது, ஆறு பேர் சேர்ந்து நடத்துகிறோம். “உங்களுடையதுதான் நன்றாக இருக்கிறது, எங்கள் ஆட்களுக்கும் பழகிவிட்டது, ஆனால் நாங்கள் ஏற்கெனவே வாங்கும் அலுவலகத் தொகுப்பில் இதே வேலைக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டார்கள், தனியாகக் காசு இல்லை, கணக்குப் பிரிவில் கேள்வி கேட்கிறார்கள்” என்றார் அவர்களுடைய மேலாளர். சரி, பாதி விலைக்குத் தருகிறோம் என்றோம். வேண்டாம் என்றார். ஒரு வருஷம் சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். அதுவும் வேண்டாமாம். சும்மா கொடுத்தாலும் எங்களுக்கென்று தனி ஒப்பந்தம், தனிப் பாதுகாப்புத் தணிக்கை, ஊழியர்களுக்குத் தனிக் கடவுச்சொல் எல்லாம் வேண்டுமே, அந்தத் தொல்லை எதற்கு என்று அவர் கேட்டதில் தப்பும் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே எப்படி விலை வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த ‘இலவசம்’ வந்த அதே புதுப்பிப்பில் தொகுப்பின் விலையும் ஏறியிருந்தது. அதை அவரே சிரித்துக்கொண்டே சொன்னார். ஆக, அவர் காசு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், எதற்கு எவ்வளவு என்பது மட்டும் ரசீதில் இல்லை.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தொகுப்பில் சேர்க்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி விலை போடச் சொல்லுங்கள், வேண்டாம் என்கிறவருக்கு அந்தத் தொகையைக் கழித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

விலையைக் குறைப்பதே குற்றம் என்று சொல்ல வரவில்லை. புதிதாக வருகிறவன் முதலில் எடுக்கும் ஆயுதமே அதுதான், முதல் வருஷம் நாங்களும் அடக்கவிலைக்குக் கீழேதான் விற்றோம். ஆனால் நாங்கள் குறைத்தால் எங்கள் கைக்காசு கரையும், அவர்கள் குறைத்தால் பக்கத்துச் சரக்கின் விலையில் அது ஏறிக்கொள்ளும். உங்கள் பழைய தராசு இதைப் பிடிக்காது. 1975இல் ஃபிலிப் அரீடா, டொனால்ட் டர்னர் என்ற சட்ட அறிஞர்கள் முன்வைத்த அளவுகோல், சராசரி மாறும் செலவுக்கு, அதாவது உற்பத்தி கூடினால் கூடும் செலவில் ஒரு பொருளின் பங்குக்கு, கீழே விற்றால் போட்டியாளரை ஒழிக்கத்தானோ என்று சந்தேகப்படு என்பது. ஆலையில் செய்யும் பொருளுக்குச் சரி. மென்பொருளில் இன்னொரு பிரதிக்கு ஆகும் செலவே ஏறக்குறைய ஒன்றுமில்லை, பிறகு எதற்குக் கீழே போய் விற்பது?

உங்களைப் போன்ற ஆணையங்கள் காட்டும் வேகத்தையும் பார்த்துவிட்டோம். மைக்ரோசாஃப்டின் விண்டோஸோடு சும்மா வந்த இணைய உலாவிக்கு ஈடுகொடுக்க முடியாமல் நெட்ஸ்கேப் தன் உலாவியை இலவசமாக்கியது 1998 ஜனவரியில், மைக்ரோசாஃப்ட் மேல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது மே மாதம், அந்த வருஷம் முடிவதற்குள் நெட்ஸ்கேப்பை வாங்குவதாக இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் அறிவித்தாயிற்று. அலுவலக உரையாடல் செயலி விற்கும் ஸ்லாக் நிறுவனம், மைக்ரோசாஃப்ட் தன் அலுவலகத் தொகுப்பில் சேர்த்த அதே மாதிரிச் செயலியான டீம்ஸ் பற்றி ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்தது 2020 ஜூலையில். முறையான விசாரணை தொடங்கியது 2023 ஜூலையில். டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலைக்குத் தருவதாக மைக்ரோசாஃப்ட் கொடுத்த உறுதியை ஆணையம் ஏற்றது 2025 செப்டம்பரில். இடையில் ஸ்லாக்கே சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. எங்கள் கையிருப்பு ஒன்பது மாதத்துக்கு வரும். கடைசியில் கிடைத்த அந்தத் தீர்வும் நாங்கள் மேலே கேட்டதும் அநேகமாக ஒன்றேதான், அதை ஐந்து வருஷம் கழித்துத் தருவதற்குப் பதில் முதல் நாளே விதியாக வைத்தால் என்ன?

இதற்கு நடுவில் ஆலோசகர்கள் வேறு. விலையைக் கூட்டு, மலிவாக இருந்தால் மட்டமென்று நினைப்பார்கள் என்கிறார் ஒருவர். இலவசத் திட்டம் ஒன்று வை, அப்புறம் காசு கேட்கலாம் என்கிறார் இன்னொருவர். முதலீட்டாளரோ, “அவர்கள் இதையே சும்மா கொடுத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டு, நாங்கள் வாய் திறப்பதற்குள் கைப்பேசியைப் பார்க்கிறார். நாலு முறை கட்டண அட்டவணையை மாற்றிவிட்டோம், நாலு முறையும் பழைய வாடிக்கையாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். மன்னிக்கவும், இது உங்கள் இலாகா இல்லை.

உங்கள் இலாகாவுக்கே வருகிறேன். தனி விலை, வேண்டாதவருக்குக் கழிவு, இந்த இரண்டையும் விதியாக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். அந்த விலையை எங்கள் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின்பும் அவர்களுடையதையே எடுத்தால், அந்த வாடிக்கையாளரை நாங்கள் வாழ்த்தி அனுப்பிவைப்போம். போன வாரம் வந்த மின்னஞ்சல்கள், நாங்கள் தந்த விலைப்புள்ளிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, கேட்டால் அன்றைக்கே அனுப்புகிறோம். ஒன்பது மாதத்துக்குள் கேட்டால் நல்லது.

இப்படிக்கு,
இன்னும் தொழிலில் இருக்கும் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தார்