‘மீன்தொட்டிக்கு ஏற்றது’ என்று விற்ற களிமண், கிளேஸ், கண்ணாடிப் பொதி குறித்த புகார்

அனுப்புநர்
பீங்கான், கண்ணாடிக் கைவினைஞர்கள்,
குழித்துறை,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பொதியிலுள்ள சுடும் அட்டையில் தவறான வெப்பநிலை, பச்சை கிளேஸிலிருந்து நீரில் செம்பு கசிதல், ஒத்துப்போகாத கண்ணாடித் தகடுகள், பணத்தைத் திருப்பித் தரவும் முத்திரையை நீக்கவும் கோருதல்.

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் மீன்தொட்டி அலங்காரப் பொதியை மொத்தமாக வாங்கினோம். ஒவ்வொன்றிலும் 25 கிலோ ஸ்டோன்வேர் களிமண், 5 கிலோ நிறமற்ற கிளேஸ் (மண்மேல் பூசிச் சுட்டால் கண்ணாடிபோல் உருகும் பூச்சு), 5 கிலோ பச்சை கிளேஸ், சூளையில் உருக்கி ஒட்டும் கண்ணாடித் தகடுகள், ஒரு குழாய் சிலிக்கான் ஒட்டு இருந்தன. களிமண் பையிலும் கிளேஸ் டப்பாக்களிலும் ‘மீன்தொட்டிக்கு ஏற்றது’ என்ற முத்திரை உள்ளது. அதை நம்பித்தான் வாங்கினோம். சக்கர் மீன் ஒதுங்கும் குகைகளும், டிஸ்கஸ் மீன் முட்டையிடும் கூம்புகளும், கண்ணாடிச் செடிகளும் செய்து, நாகர்கோவிலிலிருந்து நெய்யாற்றின்கரை வரை மீன் வளர்ப்பவர்களுக்குக் கொடுக்கிறோம்.

முதலில் தொலைபேசியில் தெரிவித்தபோது, குறை எங்கள் சூளையில்தான் என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. எனவே சூளையிலிருந்தே தொடங்குகிறோம்.

அட்டையில் ‘கோன் 6, 1180 டிகிரி செல்சியஸ்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். கோன் என்பது சூளைக்குள் நிறுத்தும், குறிப்பிட்ட அளவு சூடேறியதும் வளையும் சிறு அளவுகோல்; எண் கூடினால் வளையும் வெப்பமும் கூடும். அட்டையின் இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி வேகத்தில் ஏற்றினால் கோன் 6 வளைவது 1220 டிகிரியை ஒட்டித்தான். அதைவிட வேகமாக ஏற்றினால் இன்னும் மேலே போக வேண்டும். 1180 என்பது கோன் 5-க்கே ஒட்டிய வெப்பம். மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் மேல், நடு, கீழ் மூன்று தட்டுகளிலும் கோன் 5, 6, 7 மூன்றையும் வரிசையாக நிறுத்திச் சுட்டோம். 1180-இல் நிறுத்தியபோது கோன் 5 பாதி சாய்ந்திருந்தது, 6 நிமிர்ந்தே நின்றது. மூன்று தட்டிலும் இதே நிலை. சூளையின் வெப்பம் சீராக இருக்கிறது, உங்கள் அட்டையின் எண்தான் தவறு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. படங்களை இணைத்திருக்கிறோம்.

நாற்பது டிகிரி குறைந்தால் என்ன ஆகும் என்பது மண்ணை எடை போட்டால் தெரியும். 1180-இல் சுட்ட, கிளேஸ் பூசாத சோதனை வில்லையை உலர்த்தி எடுத்த எடை 182 கிராம். அதை 5 மணி நேரம் கொதிக்கவைத்து, அதே நீரில் 24 மணி நேரம் ஊறவிட்டு, மேலே உள்ள ஈரத்தைத் துடைத்து எடுத்தால் 191 கிராம். 9 கிராம் கூடுதல், அதாவது கிட்டத்தட்ட 5% நீரை மண் உறிஞ்சியிருக்கிறது. உங்கள் பையில் ‘1 விழுக்காட்டுக்கும் குறைவு’ என்று இருக்கிறது. அதே மண்ணைக் கோன் 6 சரியாக வளையும்வரை சுட்டபோது உறிஞ்சல் அந்த அளவுக்கு வந்துவிட்டது. ஆக மண் நல்ல மண்தான். அட்டைதான் அதைக் கெடுக்கிறது.

அலமாரியில் வைக்கும் பூச்சாடிக்கு இந்த 5% பெரிய விஷயம் இல்லாமல் போகலாம். மீன்தொட்டிப் பொருள் நாள் முழுதும் நீருக்கடியில் கிடக்கிறது. நுண்துளை உள்ள மண் நீரை இழுத்து மிக மெதுவாக உப்பும். மேலே உள்ள கிளேஸ் கண்ணாடி போன்றது, அது உப்பாது. மண் விரிய விரியக் கிளேஸ் இழுபட்டு மயிரிழை வெடிப்பு விடுகிறது. சூளையிலிருந்து எடுக்கும்போது பளிச்சென்று குறையில்லாமல் இருந்த குகை, தொட்டியில் சில வாரம் கிடந்த பிறகு வலைப்பின்னலாக வெடித்திருப்பதற்குக் காரணம் இதுதான். கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் மாறி மாறிப் போட்டுப் பார்க்கும் வழக்கமான சோதனை இந்தத் தாமத வெடிப்பைக் காட்டாது. அதற்குப் பிரஷர் குக்கர் வேண்டும்: நீரிலிருந்து தூக்கி, ஆவியில் மட்டும் வேகவைத்து, ஆறியதும் மேலே கறுப்பு மை தடவித் துடைத்தால் கோடுகள் தெரியும். 1180-இல் சுட்டவை எல்லாவற்றிலும் கோடு விழுந்தது. கோன் 6-இல் சுட்டவற்றில் நிறமற்ற கிளேஸ் தாங்கியது. பச்சை கிளேஸ் அப்போதும் தடித்த இடங்களில் வெடித்தது.

வெடித்த கிளேஸின் பின்னால் நீர் புகுந்து தேங்கும், மெல்லிய சில்லுகளாக உரியவும் கூடும். அந்தச் சில்லின் விளிம்பு சக்கர் மீனின் வயிற்றைக் கீறும். கிளேஸே பூசாத சுட்டமண் கூம்பைப் பலரும் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை. அதில் உரிவதற்கு எதுவும் கிடையாது. கசியச் செம்பும் கிடையாது.

செம்புதான் எங்கள் முதன்மையான புகார். பச்சை கிளேஸின் கலவைத் தாளைக் கேட்டு வாங்கினோம். செப்புக் கார்பனேட் 6% என்று இருக்கிறது. இந்த அளவை ஒரு சாதாரண கிளேஸ் முழுமையாகக் கரைத்து வைத்துக்கொள்ளாது. மிஞ்சியது மேற்பரப்பில் கறுப்புப் புள்ளியாகவும் உலோகப் பளபளப்பாகவும் ஒதுங்கும். உங்கள் பச்சையில் தடித்த இடமெல்லாம் அந்தக் கறுப்பு இருக்கிறது. ஒதுங்கிய செம்பு நீரில் எளிதாகப் போய்விடும். போதிய வெப்பத்தில் உருகாத கிளேஸ் என்றால் இன்னும் எளிது. ஒரு துண்டின் பாதியை வெள்ளை வினிகரில் 24 மணி நேரம் மூழ்கவைத்துப் பார்த்தோம். மூழ்கிய பாதி வெளிறி மங்கிவிட்டது. கோன் 6-இல் சுட்ட துண்டும் கொஞ்சம் குறைவாக மங்கியது, அவ்வளவே வித்தியாசம்.

எங்கள் பகுதியின் நீர் இங்கே முக்கியம். மலையடிவாரத்து ஆற்று நீரும் சரல் பூமிக் கிணற்று நீரும் மென்மையானவை. கிணற்று நீரின் பிஎச் 6-ஐ ஒட்டி, அதாவது சற்று அமிலமாக, இருப்பது இங்கும் பாறசாலைப் பக்கத்திலும் சாதாரணம். டிஸ்கஸ் இனப்பெருக்கத்துக்கும், மேற்குத்தொடர்ச்சி மலை ஆறுகளின் மிஸ் கேரளா மீனுக்கும் இப்படிப்பட்ட மென்னீர்தான் பிடிக்கும். ஆனால் அமிலத்தன்மை சற்றுக் கூடினாலே செம்பு அதிகமாகக் கரைகிறது. கரைந்த செம்பைக் கட்டிப்போடக் கார்பனேட்டும், செவுளில் அதற்குப் போட்டியாக நிற்கக் கால்சியமும் மென்னீரில் இல்லை. அதனால் அதே அளவு செம்பு கடின நீரைவிட இங்கே பல மடங்கு கொல்லும். 10 லிட்டர் கிணற்று நீரில் ஒரு பச்சைக் கூம்பை ஒரு வாரம் வைத்து, மீன்தொட்டிச் செம்புச் சோதனைத் துளிகளால் பார்த்தபோது லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் காட்டியது. கடலோரப் போர்வெல்லின் கடின நீரில் கூம்பை வைத்துச் சோதித்தபோது துளிகளின் நிறமே மாறவில்லை. உங்கள் சோதனைகள் கடின நீரில் நடந்திருந்தால் குறை கண்ணில் பட்டிருக்காது.

செர்ரி இறாலும் நத்தையும் இந்த அளவைத் தாங்காது. எங்களிடம் கூம்பு வாங்கியவர்களின் தொட்டிகளில் முதலில் செத்தவை அவைதான். பிறகு மீன் தீனி எடுக்காமல் மூலையில் ஒதுங்கியது. விற்ற பச்சைப் பொருள்கள் எல்லாவற்றையும் நாங்கள் திரும்ப வாங்கிவிட்டோம்.

‘உணவுப் பாத்திரத் தரச் சான்று இருக்கிறதே’ என்கிறீர்கள். சான்றைப் படித்தோம். ஐஎஸ்ஓ 6486 முறைப்படி ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்று பார்த்த அறிக்கை அது. செம்பை அந்தச் சோதனை அளப்பதே இல்லை. மனிதருக்குரிய அளவும் இறாலுக்குரிய அளவும் வேறு: நம் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பை ஏற்கத்தக்கது என்கிறது; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கிறது. மனிதர் குடிக்கத் தகுந்த அந்த மேல் வரம்பில் ஓர் இறால்கூடப் பிழைக்காது. தட்டில் சோறு அரை மணி நேரம் இருக்கும். கூம்பு ஆண்டுக்கணக்கில் அதே நீரில் கிடக்கும், மீன் அந்த நீரைத்தான் சுவாசிக்கிறது. ஆகையால் அந்தச் சான்றை வைத்துக்கொண்டு ‘மீன்தொட்டிக்கு ஏற்றது’ என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை.

பச்சை வேண்டும் என்றால் வழி இருக்கிறது. செம்புக்குப் பதிலாகக் குரோம் ஆக்சைடு 1 முதல் 2% போதும். நன்றாக உருகிய கிளேஸில் அது அசையாமல் இருக்கும். அடிப்படைக் கலவையில் துத்தநாகம் இருந்தால் பழுப்பாகிவிடும், வெள்ளீயம் இருந்தால் இளஞ்சிவப்பு தட்டும். இரண்டையும் தவிர்க்க வேண்டும். வெடிப்பைக் குறைக்க சோடா, பொட்டாஷைக் கொஞ்சம் குறைத்துச் சிலிக்காவையும் போரான் ஃப்ரிட்டையும் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி) கூட்டினால் கிளேஸின் விரிவு குறையும். இவை பீங்கான் தொழிலில் எல்லோரும் அறிந்தவை. உங்கள் ஆய்வகத்துக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்தது கண்ணாடி. தகடுகள் எல்லாவற்றிலும், சூட்டில் கண்ணாடி விரியும் அளவைக் குறிக்கும் எண் 96 என்று ஒட்டப்பட்டிருந்தது. நிறமற்ற தகட்டின் மேல் பச்சைக் கீற்றை வைத்து உருக்கி, 510 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 80 டிகிரி வேகத்தில் 370 வரை இறக்கினோம். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு இது தாராளம். ஆறியபின் இரண்டு போலராய்டு படலங்களைக் குறுக்காக வைத்து இடையில் பிடித்துப் பார்த்தால், பச்சைக் கீற்றைச் சுற்றி ஒளிவட்டம். பச்சையின் மேல் பச்சையை உருக்கியபோது ஒளி இல்லை, நிறமற்றதன் மேல் நிறமற்றதை உருக்கியபோதும் இல்லை. ஆகவே ஆற்றியதில் குறை கிடையாது. ஏதோ ஒரு தகடு 96 இல்லை, பெரும்பாலும் 90 எண் கண்ணாடி. 90-க்கும் 96-க்கும் இடையே ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 0.6 பங்கு வித்தியாசம்தான். சூளையில் இறுகியதிலிருந்து அறைவெப்பம்வரை வந்தால் 10 சென்டிமீட்டர் நீளத்தில் 0.028 மில்லிமீட்டர். கண்ணாடி பிளக்க அது போதும். இழுவிசையில் இருக்கும் கண்ணாடியின் நுண்கீறல் நீர் பட்டால் வேகமாக வளரும். எனவே மேசைமேல் முழுதாக நின்ற செடி தொட்டிக்குள் போனபிறகு பிளந்து, கத்திமுனை போன்ற விளிம்போடு மணலில் விழுகிறது.

ஒட்டைப் பற்றி ஒரே வரி: குழாயின் மேல் ‘பூஞ்சைத் தடுப்பு, குளியலறைக்கு’ என்று இருக்கிறது. அந்தத் தடுப்பு மருந்து மீனுக்கும் நஞ்சு. அதைப் பொதியில் சேர்த்திருக்கவே கூடாது.

எங்கள் கோரிக்கைகள் இவை. பச்சை கிளேஸ், கண்ணாடி, ஒட்டு மூன்றுக்கும் முழுப் பணத்தையும் போக்குவரத்துச் செலவையும் திருப்பித் தர வேண்டும். இதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அவர்கள் தொட்டிகளில் இப்போதும் அந்தப் பச்சை கிடக்கிறது. சுடும் அட்டையைத் திருத்தி, கோன் எண்ணோடு ஏற்றும் வேகத்தையும் அச்சிட வேண்டும். செம்பு கலந்த எந்த கிளேஸிலும் ‘மீன்தொட்டிக்கு ஏற்றது’ என்ற முத்திரை இருக்கக் கூடாது. நிறமற்ற கிளேஸையும் களிமண்ணையும் நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. அட்டை சரியானால் அவை நல்ல பொருள்கள், தொடர்ந்து வாங்குவோம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். வியாபாரத்துக்கு வாங்கியவர்கள் நுகர்வோர் இல்லை என்று பதில் எழுத வேண்டாம்: சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்குபவரையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது.

வெடித்த வில்லைகள், வினிகரில் மங்கிய துண்டு, பிளந்த கண்ணாடி ஆகியவற்றைத் தனிப் பார்சலில் அனுப்பியுள்ளோம். உங்கள் ஆய்வகம் சோதிக்கும்போது தயவுசெய்து மென்னீரில் சோதிக்கவும்: பிஎச் 6 முதல் 6.5 வரை, டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 50-க்குக் கீழே.

இப்படிக்கு,
பீங்கான், கண்ணாடிக் கைவினைஞர்கள்,
குழித்துறை.

இணைப்பு: ரசீது நகல், சுடும் அட்டை நகல், கோன் படங்கள், தொகுதி எண் தெரியும் டப்பாப் படங்கள்.