ஒரே இரவில் ஆயிரம் வாள் வார்க்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் இதழில் வரும் சரித்திர மாயத் தொடர் சேலத்தையும் சேர்வராயன் மலையையும் களமாக எடுத்துக்கொண்டதில் இந்தப் பக்கத்து வாசகர்களுக்கெல்லாம் மகிழ்ச்சி. தஞ்சையும் மதுரையும் காஞ்சியும் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டன. கஞ்சமலையை யார் எழுதினார்கள்? அந்த அக்கறையில்தான் இந்தக் கடிதம். சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்ட கேள்விக்கு, 'மாயக் கதைக்கு ஆய்வு அவ்வளவாகத் தேவையில்லை' என்று பதில் வந்திருந்தது. அதை ஏற்க முடியவில்லை. யட்சி வானத்தில் பறக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அவள் இறங்கி நிற்கிற மண் சேர்வராயன் மண்ணாக இருக்க வேண்டும். அது பொய்யானால் பறந்ததும் பொய்யாகிவிடும்.

வாள் அத்தியாயத்தையே எடுத்துக்கொள்வோம். கஞ்சமலை அடிவாரத்தில் கொல்லர்கள் பெரிய கொப்பரையில் இரும்பை உருக்கி, அச்சில் ஊற்றி, விடிவதற்குள் ஆயிரம் வாள் வார்த்துவிடுகிறார்கள். கதை நடப்பது முதலாம் இராசேந்திரன் காலம். இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் வேண்டும்; மண் உலையும் ஆட்டுத்தோல் துருத்தியும் அந்தச் சூட்டை எட்டாது. மலையடிவார ஓடைகளில் அரித்தெடுத்த கருமணலையும் மரக்கரியையும் மாற்றி மாற்றிப் போட்டு ஊதினால், உலையின் அடியில் திரள்வது கிட்டம் என்னும் கசடோடு கலந்த பஞ்சுபோன்ற இரும்புக் கட்டி. அதைச் செஞ்சூட்டோடு வெளியே இழுத்து அடித்து அடித்துக் கிட்டத்தை வெளியேற்ற வேண்டும். ஊற்றுவதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒருவேளை கரி மிகுந்து இரும்பு உருகி ஓடினாலும், அப்படி வார்த்த இரும்பு வாளாகாது. முதல் வெட்டிலேயே முறிந்துவிடும்.

நல்ல வாளுக்கு உருக்கு, அதாவது எஃகு, வேண்டும். சேலத்து இரும்பை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கிய ஜோசையா ஹீத், இங்கே உருக்குச் செய்த முறையை விவரமாக எழுதிவைத்திருக்கிறார். களிமண்ணோடு கருக்கிய நெல் உமியை நிறையக் கலந்து, உருக்குவதற்கான மூசை என்னும் மண்குடுவை செய்கிறார்கள். இரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி மூசையில் அடுக்குகிறார்கள். ஒரு மூசைக்கு ஒரு பவுண்டுக்கு மேல், அதாவது சுமார் 450 கிராமுக்கு மேல், போவது அபூர்வம். கூடவே பொடியாக நறுக்கிய காய்ந்த ஆவாரங்குச்சி. மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. வாயைப் பிசைந்த களிமண்ணால் காற்று புகாமல் இறுக அடைக்கிறார்கள். அந்த மண் காய்ந்ததும் 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கி, கரியைக் குவித்து, இரண்டு துருத்திகளால் விடாமல் இரண்டரை மணி நேரம் ஊதுகிறார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் அடியில் வில்லையாக உருக்கு. சரியாக உருகியிருந்தால் வில்லையின் மேல்பரப்பில் நடுவிலிருந்து கதிர் விரிந்தாற்போல் கோடுகள் ஓடும். சரியாக உருகாவிட்டால் தேன்கூடு போல ஓட்டை விழுந்து, உருகாத இரும்புத் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும்.

இது 19-ஆம் நூற்றாண்டுக் குறிப்பு. அப்படியே தூக்கிச் சோழர் காலத்தில் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மூசையில் உருக்குச் செய்யும் கலை இந்தப் பக்கத்தில் அதற்கும் வெகுகாலம் முந்தியது. சங்க காலத்து ஊரான கொடுமணலின் அகழாய்வில் அதன் தடயம் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். 24 மூசையும் பழுதில்லாமல் வந்தாலும் ஓர் உலைக்கு 11 கிலோ தேறாது. அந்த வில்லைகளை மீண்டும் பல மணி நேரம் கரிநெருப்பில் திருப்பித் திருப்பிச் சுட்டுப் பதப்படுத்திய பிறகுதான் சம்மட்டி விழும். அடிக்கும்போதும் பதம் தவறக் கூடாது. கரி மிகுந்த உருக்கு செஞ்சூட்டில் வளையும், வெண்சூட்டுக்குப் போனால் சம்மட்டி பட்டதும் நொறுங்கும். ஒரு வாளுக்கு ஒரு கிலோ என்று வைத்தால் ஆயிரம் வாளுக்குத் தொண்ணூறு உலைக்கு மேல் வேண்டும். அத்தனைக்கும் கரி சுட்டால் அடிவாரக் காடு நிற்காது. குறுந்தொகையில் 'ஏழூர்ப் பொதுவினைக்கு ஓரூர் யாத்த உலைவாங்கு மிதிதோல்' என்று ஓர் அடி வருகிறது. ஏழு ஊர் வேலைக்கு ஓர் ஊரில் ஒரே துருத்தி. அந்தத் தோல் படுகிற பாட்டைத்தான் தலைவி தன் நெஞ்சுக்கு உவமை சொல்கிறாள். ஒரு கொல்லன், ஒரு துருத்தி, பத்து வில்லையில் பழுதில்லாத ஒன்று, அதிலிருந்து ஒரு வாள் என்று அந்த அத்தியாயம் அமைந்திருந்தால், அந்த வாளுக்குள் ஆவி குடியிருக்கிறது என்று சொல்லும்போது வாசகர் மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பார்.

அடுத்தது மரம், செடி. கதாநாயகி சில்வர் ஓக் மர நிழலில் நிற்கிறாள், உண்ணிச்செடிப் புதரில் ஒளிகிறாள், மலைக்குடிசையில் மிளகாய் அரைத்த குழம்பு சாப்பிடுகிறாள். சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், காப்பித் தோட்ட நிழலுக்காக வந்தது. காப்பியே கலெக்டர் காக்பர்ன் காலத்தில், 1820-களை ஒட்டித்தான் ஏற்காட்டுக்கு வந்தது. உண்ணிச்செடி வெள்ளைக்காரர்கள் அழகுக்குக் கொண்டுவந்து காடெல்லாம் பரவியது. மிளகாய் போர்ச்சுகீசியருக்குப் பிந்தியது. மிளகைப் போலக் காரமான காய் என்று பெயரே சொல்லிவிடுகிறது. மரவள்ளி, தக்காளி, உருளை, கொய்யா, பப்பாளி, முந்திரி எல்லாம் அந்த வரிசைதான். 'சீமை' என்று தொடங்கும் பெயர் கண்டால் எழுத்தாளர் பேனாவை நிறுத்திவிட வேண்டும். அவளுக்குச் சாமைச் சோறும் மிளகு ரசமும் பலாச்சுளையும் தேனும் கொடுக்கலாமே, மலையில் இல்லாததா?

சுண்ணாம்புப் படிமங்கள் தூண் தூணாகத் தொங்கும் மாயக் குகையும் சேர்வராயனில் வராது. இந்த மலை சார்னோகைட் என்னும் கடும்பாறை, மேல்தளத்தில் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது. தண்ணீரில் கரைந்து அப்படித் தூண் கட்டச் சுண்ணாம்புக் கல் வேண்டும். உச்சியில் உள்ள சேர்வராயன் கோயில் குகையோ குறுகலும் இருட்டுமாக இருக்கும். அதற்குள் சேர்வராயனும் காவிரி அம்மனும் சேர்ந்து இருக்கிறார்கள். மலையும் ஆறும் ஒரே இருட்டில் குடியிருப்பதைவிட அற்புதமான மாயத்தை யாரால் கற்பனை செய்ய முடியும்? காவிரி என்றதும் இன்னொன்று: மேட்டூரில் கதாநாயகன் கடல்போல விரிந்த நீரைப் பரிசலில் கடப்பதாக வருகிறது. அந்த விரிவு 1934-இல் கட்டி முடிந்த அணையின் நீர்த்தேக்கம். அவன் காலத்தில் அங்கே ஊர்களும் வயல்களும் இருந்திருக்கும், ஆறு தன் கரைக்குள் ஓடியிருக்கும். தொடரில் வரும் தாரமங்கலத்துக் கற்சங்கிலியும் அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் காலத்து வேலை, 17-ஆம் நூற்றாண்டு.

வசனத்தில் 'லகானை இழுத்தான்', 'சவாரிக்குத் தயார்', 'ஜன்னலைச் சாத்து', 'சாவி எங்கே' என்று வருகிறது. முதல் மூன்று சொல்லும் பாரசீகம், உருது வழி வந்தவை. ஜன்னலும் சாவியும் போர்ச்சுகீசியம். கடிவாளம், சாளரம், திறவுகோல் என்று நம்மிடமே சொல் இருக்கிறது. அதற்காகச் செந்தமிழைக் கொட்டிப் பாத்திரங்களை மேடைப் பேச்சாளர் ஆக்கிவிடவும் வேண்டாம். காலத்துக்குப் பிந்திய சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, பேச்சைப் பேச்சாகவே விட்டால் போதும்.

மாயத்துக்கு எங்கே போவது என்று கேட்டால், ஆய்வுதான் அதையும் கொடுக்கிறது. நற்றிணை 192-ஆம் பாட்டில் கொல்லிமலையின் கொல்லிப்பாவை பூதம் செய்துவைத்த பாவை. 201-ஆம் பாட்டில் காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாதவள். இரண்டிலும் அவள் யாரையும் கொல்லவில்லை. தொடரில் அவளைச் சிரித்துக் கொல்லும் பொறியாக மட்டும் வைத்திருப்பது, கையில் கிடைத்த பொன்னைத் தகரமாக்குவது போல. செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு நாய்க்குப் பெயரும் கல்லும் கொடுத்த மண் இது. சேர்வராயன் மலையில் புதிய கற்காலத்து மெருகேற்றிய கல்கோடரிகளைப் பிள்ளையார் முன் அடுக்கிவைத்து மக்கள் வழிபட்டதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். உழும்போது மண்ணிலிருந்து கிளம்பும் கோடரியைச் சாமி என்று வைத்த மலைக்காரர்களின் கண்ணோடு ஓர் அத்தியாயம் எழுதலாம்.

மலைவாழ் மலையாளி மக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொடரில் அவர்கள் சேரநாட்டு மொழி பேசுகிறார்கள். பெயரை வைத்து வந்த குழப்பம் அது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து கரியராமன் சாமியோடு வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

தொடர் புத்தகமாகும் முன் எழுத்தாளர் ஒருமுறை கஞ்சமலை அடிவாரத்தில் நடந்து பார்க்க வேண்டும், சேலம் அரசு அருங்காட்சியகத்து நடுகற்களின் முன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஆவாரை இன்னும் அங்கே சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்துத்தான் கிடக்கிறது.

அன்புடன்,
அஸ்தம்பட்டி வாசகர்கள்,
சேலம் – 7