வெற்றிக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவில் ஊனமுற்றோர் உதவித்தொகை மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் வென்ற ஒரு குடும்பத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்திருந்த செய்தியைப் படித்தேன். அவர்கள் பட்ட பாட்டுக்குப் பலன் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்தச் செய்தி, கடிதம் கைக்கு வந்த நாளோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் தொல்லை தொடங்கியதே அந்த நாளில்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு இப்போது 58 வயது. சாட்ஸ்வர்த்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். டர்பனில் ஒரு துணித் தொழிற்சாலையில் இருபது வருடங்களுக்கு மேல் நின்றபடியே துணி வெட்டியவன். சர்க்கரை நோயால் பாதத்தில் வந்த புண் ஆறவே இல்லை. 2022 முடிவதற்குள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 2023 ஏப்ரல் முதல் வாரத்தில் கிராண்டுக்கு, அதாவது அரசின் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு, விண்ணப்பம் கொடுத்தோம். உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகலாம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். தையலும் வெட்டும் தவிர வேறு தொழில் தெரியாத மனிதனுக்கு, இந்த ஊரில் உட்கார்ந்து செய்யும் வேலையை யார் கொடுப்பார்கள்? 90 நாள் கெடுவுக்குள் மேல்முறையீடு செய்தோம். பிறகு காத்திருந்தோம்.

கடிதம் வந்தது 2024 ஜூன் கடைசி வாரத்தில். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதல் பக்கத்தையே மூன்று முறை படித்தான். "அக்கா, ஜெயித்துவிட்டோம்" என்றான். அவன் மனைவி சமோசாவுக்கு மாவு பிசைந்த கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து, சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினாள். நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினேன். தற்காலிக உதவி, 12 மாதங்கள், விண்ணப்பித்த நாளிலிருந்து என்று இருந்தது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். 2023 ஏப்ரலில் தொடங்கினால் 2024 மார்ச்சோடு முடிகிறது. நாங்கள் கடிதத்தைக் கையில் வைத்திருப்பதோ ஜூனில். கிராண்ட் கிடைத்தது என்று தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே அது முடிந்துபோயிருந்தது.

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலையில்தான் சொன்னேன்.

பாக்கித் தொகை வந்தது, அதை மறைக்கமாட்டேன். ஆறு மாதத்துக்கு 2,080 ராண்ட் வீதமும், அக்டோபர் உயர்வுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு 2,090 ராண்ட் வீதமும் சேர்த்து 25,020 ராண்ட் ஒரே நாளில் கணக்கில் விழுந்தது. அவ்வளவு பணத்தை அவன் வீடு பல வருடமாகப் பார்த்ததில்லை. பத்து நாளில் எல்லாம் போய்விட்டது. கடைக் கணக்கு, நகராட்சிக்குத் தண்ணீர், மின்சார பாக்கி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என் மகன் கொடுத்திருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே மஷோனிசாவுக்கு, அதாவது எங்கள் பகுதியில் வட்டிக்குக் கடன் கொடுப்பவனுக்கு, வட்டியும் முதலும். அந்த மஷோனிசா என் தம்பியின் வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் ஈடாக வாங்கி வைத்திருந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடன் கொடுப்பவர் அட்டையையோ ரகசிய எண்ணையோ பிடித்து வைத்துக்கொள்வதை 2005ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம் தடை செய்கிறது. அதைச் சொல்லித்தான் அட்டையைத் திரும்ப வாங்கினேன். இதைப் படிக்கும் யாருடைய அட்டையாவது அப்படி இன்னொருவர் சட்டைப் பையில் இருந்தால், தயவுசெய்து வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

ஜூலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். புதிய விண்ணப்பம், புதிய மருத்துவப் பரிசோதனை, அதே வரிசை, அதே பெஞ்சு. மருத்துவ அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது என்பதால் பழைய காகிதம் ஒன்றும் உதவவில்லை. அந்த முறையும் தற்காலிகம்தான் கிடைத்தது. செயற்கைக் கால் பொருத்திய பிறகு நிலைமை மாறலாம் என்று மருத்துவர் எழுதியிருந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவர் நியாயமாக யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் செயற்கைக் காலுக்குக் காத்திருப்பவர்களின் பட்டியல் அவர் கையில் இல்லையே. வெட்டிய கால் 12 மாதத்தில் முளைத்துவிடுமா என்று தம்பி என்னைக் கேட்டான். நான் என்ன பதில் சொல்வது?

இடையில் விடுபட்ட ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அங்கீகரித்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் தருவார்கள் என்பது விதி. இரண்டாவது விண்ணப்பத்தின் நாள் ஜூலை. மாதம் 2,180 ராண்ட் வீதம் 6,540 ராண்ட் போனது போனதுதான். மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே புதிதாக விண்ணப்பிக்கலாமா என்று நான் நேரில் போய்க் கேட்டேன். முடிவு வரட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். முடிவு வரும்வரை காத்திருந்ததற்கான விலைதான் அந்த 6,540 ராண்ட். பணக்காரருக்கு அது ஒரு தொகையா என்று தெரியவில்லை. தம்பி வீட்டில் அது மூன்று மாத அரிசி, மாவு, எண்ணெய், மருத்துவமனைக்குப் போய்வரும் டாக்சிக் கூலி.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. மேல்முறையீட்டில் தற்காலிக உதவி கொடுத்தால், முடிவு சொல்லும் நாளில் அந்தக் காலம் தீர்ந்துவிட்டதா என்று ஒருவர் பார்க்கட்டும். தீர்ந்திருந்தால் அந்தக் கடிதத்தோடு புதிய மருத்துவப் பரிசோதனைக்கான தேதியையும் சேர்த்து அனுப்பட்டும். உதவி முடியும் தேதியை முதல் பக்கத்தில், முதல் வரியில் போடட்டும். தன்னையும் தன் குடும்பத்தையும் காப்பாற்றிக்கொள்ள முடியாதவருக்குச் சமூக உதவி பெறும் உரிமை உண்டு என்று நம் அரசியல் சட்டத்தின் 27ஆம் பிரிவு சொல்கிறது. தாமதம் செய்தவர்கள் ஒரு பக்கம், அந்தத் தாமதத்தின் நஷ்டத்தைச் சுமப்பவன் ஒற்றைக் காலோடு இன்னொரு பக்கம் என்று இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதுவரை, கடிதம் வந்தவர்கள் மகிழ்ச்சியோடு கொஞ்சம் அவசரமும் படவேண்டும். தற்காலிகமா நிரந்தரமா என்று முதலில் பாருங்கள். ஆறு மாதத்திலிருந்து 12 மாதம் வரை நீடிக்கும் இயலாமைக்குத் தற்காலிகம், அதற்கு மேல் நீடிப்பதற்கு நிரந்தரம். தற்காலிகம் தவறு என்று தோன்றினால், காரணத்தை எழுத்தில் கேட்க 2000ஆம் ஆண்டின் நிர்வாக நீதிச் சட்டம் 90 நாள் தருகிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் வீணாகத் தாமதிக்காமல், எப்படியும் 180 நாளுக்குள் போகவேண்டும். வக்கீலுக்குப் பணமில்லாதவர்கள் அரசின் இலவச சட்ட உதவி அலுவலகத்தில் கேட்கலாம். நாங்கள் அப்போது இதில் ஒன்றையும் செய்யவில்லை. தெரியாது.

இரண்டாவது முறை தெரிந்திருந்தது. உதவி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே, 2025 மே மாதத்தில், தம்பியை அழைத்துக்கொண்டு போய்விட்டேன். இந்த முறை வந்த இளம் மருத்துவர் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டு, வெட்டிய காலில் மாட்டியிருந்த துணி உறையைக் கழற்றச் சொல்லி, தையல் தழும்பைக் கையால் தடவிப் பார்த்தார். இன்னொரு பாதத்தில் விரல்களுக்கு நடுவில் இருந்த புண்ணையும் பார்த்தார். பிறகு நிரந்தரம் என்று எழுதினார். இன்னும் இரண்டு வருடத்தில் தம்பிக்கு 60 ஆகிவிடும். அப்போது இதுவே முதியோர் உதவித்தொகையாக மாறிவிடும். அதுவரை தாங்கினால் போதும் என்கிறான்.

எங்கள் பகுதியில் வயதானவர்கள் பலர் அரசுக் கடிதத்தைப் பிரிக்கவே பயந்து, பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்கள். கோயிலில் சனிக்கிழமை நான் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் அங்கேயே இருப்பேன். என் முகவரி உங்களிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் கொடுங்கள். கடிதத்தைக் கொண்டுவந்தால் கூட உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். கடிதம் வந்த உறையையும் எறிந்துவிடாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கடிதம் எப்போது வந்தது என்று காட்ட, அதன் மேலுள்ள தபால் முத்திரை தேவைப்படும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகி